பச்சிளங்குழந்தைக்கும் தாய்க்கும் வரும் அரிய பாக்டீரியாவை இனம் காண்பது: முழுமையான வழிகாட்டி

பச்சிளங்குழந்தையின் ரத்த வளர்ப்பு பாட்டிலிலும் பிரசவக் காய்ச்சலோடு இருக்கும் தாயின் பாட்டிலிலும் பெரும்பாலும் வளர்வது ஈ.கோலை, பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிளெப்சியெல்லா, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவைதான். அவற்றுக்கு எல்லா ஆய்வகத்திலும் பழகிய வழி உண்டு. எப்போதாவது ஒருமுறை வந்து எல்லோரையும் குழப்பும் கிருமிகளுக்காக இதை எழுதுகிறேன்: லிஸ்டீரியா, எலிசபெத்கிங்கியா, க்ரோனோபாக்டர், கேம்பைலோபாக்டர் ஃபீட்டஸ், மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், ஸ்னீத்தியா, ஹீமோஃபிலஸ் குவென்டினி, க்ளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்று பட்டியல் நீளும்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது அநேகமாக வரிசையில்தான். கிருமியின் புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவியின் விடையை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்லைடைப் பார்ப்பார்கள். பெயர் மனதில் ஏறிவிட்டால் கண்ணுக்கும் அதுதான் தெரியும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் கண்டதை, அடுத்த படிக்குப் போகும் முன் எழுதிவிடுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிருமியை வளர்க்கும் பிளேட்டுகளில் பிளட் அகார், சாக்லேட் அகார், மெக்கான்கி மூன்றும் எப்போதும் இருக்கும். இவற்றோடு காற்றில்லாச் சூழலுக்கான செறிவூட்டிய பிளட் அகார், அனரோபிக் (காற்றில்லா) ஜார், குறைந்த ஆக்சிஜன் தரும் வாயுப் பை, 5 முதல் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டர் ஆகியவையும் வேண்டும்.

கேட்டலேஸ், ஆக்சிடேஸ், இண்டோல், யூரியேஸ், பைல் எஸ்குலின், பிஒய்ஆர், அரைத்திட மோட்டிலிட்டி குழாய் என்று கிருமியின் நொதிகளையும் அசைவையும் காட்டும் பொருட்கள் காலாவதி ஆகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மால்டி-டாஃப் கருவி வந்த ஆய்வகங்களில் இந்தச் சின்னச் சின்னச் சோதனைப் பொருட்களை வாங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். கருவி தயங்கும் நாளில்தான் அவற்றின் அருமை தெரியும்.

பயோசேஃப்டி கேபினட் (கிருமி காற்றில் பரவாமல் காக்கும் பெட்டி) வேலை செய்ய வேண்டும். ஏன் என்பது 6-வது படியில் வரும்.

2. மாதிரியைச் சரியாக வாங்குங்கள்

பச்சிளங்குழந்தையிடம் குறைந்தது 1 மில்லி ரத்தம் வேண்டும். அதற்கும் குறைவாக எடுத்தால், ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கும் குழந்தையில் விடை 'வளர்ச்சி இல்லை' என்றே வரும். தாய்க்கு இரண்டு அல்லது மூன்று செட், ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி.

குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடுவது காற்றுள்ள குழந்தைப் பாட்டில் ஒன்று மட்டும். காற்றில்லாமல் வளரும் கிருமிகள் அங்கேயே தப்பிவிடும். புரோபயாடிக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் பிஃபிடோபாக்டீரியம் வந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அதைப் பிடிக்க அனரோபிக் பாட்டில் வேண்டும். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனது, பனிக்குட நீர் நாற்றம் அடித்தது என்றால் இரண்டாவது பாட்டிலைக் கேளுங்கள். ரத்தம் 1 மில்லிதான் கிடைக்கும் என்றால் குழந்தைப் பாட்டிலோடு விட்டுவிடுங்கள். பிரித்து ஊற்றி இரண்டையும் கெடுக்க வேண்டாம்.

தண்டுவட நீரை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிர் தாங்காத கிருமிகள் அங்கே செத்துப்போகும்.

நஞ்சுக்கொடியின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து அனுப்பினால் பிறப்புப் பாதையில் உள்ள எல்லாமே வளரும், எதையும் நம்ப முடியாது. படலங்களுக்கு இடையில் இருந்தோ உட்புறத் திசுவில் இருந்தோ எடுக்கச் சொல்லுங்கள். யோனி ஸ்வாபில் ஸ்னீத்தியாவோ கார்ட்னரெல்லாவோ இருப்பதால் மட்டும் ரத்தத்தில் புகுந்த தொற்று என்று சொல்லிவிட முடியாது. ரத்தம், தண்டுவட நீர், பனிக்குட நீர், கருப்பைத் திசு, மூட்டு நீர் போன்ற, இயல்பில் கிருமி இல்லாத இடத்தில் இருந்து வந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும்.

3. வார்டுக்கு ஒரு போன்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தின் எத்தனையாவது வாரத்தில் பிறப்பு, குழந்தைக்கு எத்தனை மணி நேரம் அல்லது நாள், ஆன்டிபயாடிக் எப்போது தொடங்கினார்கள் என்பவை அடிப்படை. அப்புறம் தாயைப் பற்றி: கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா, காய்ச்சாத பால் அல்லது அதில் செய்த பாலாடைக்கட்டி சாப்பிட்டாரா, ஆடு மாடு பராமரிப்பா? குழந்தைக்குப் பால் பவுடர் கொடுத்தார்களா?

இந்தப் பதில்கள் பிளேட் தேர்வையே மாற்றும். காய்ச்சாத பால் என்றால் லிஸ்டீரியா, புரூசெல்லா, கேம்பைலோபாக்டர் மூன்றும் மேஜைக்கு வரும். பால் பவுடர் குடித்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்றால் க்ரோனோபாக்டர். தண்ணீர்க் குழாய், சிங்க், வென்டிலேட்டர் ஈரம் என்று கதை போனால் எலிசபெத்கிங்கியா.

பிரசவமோ கருக்கலைப்போ முடிந்த பெண்ணுக்கு ரத்த அழுத்தம் விழுகிறது, காய்ச்சலே இல்லை, வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருக்கின்றன, ரத்தமும் கெட்டியாகிறது என்று சொன்னால் க்ளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லியை அப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இது நச்சால் கொல்லும் நோய். வளர்ப்பு முடிவுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

4. கிராம் ஸ்டெய்ன்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டது என்று கருவி ஒலித்ததும் போடும் முதல் ஸ்லைடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சி. இரண்டு ஸ்லைடு போடுங்கள். ஒன்றைச் சாயமிடாமல் வைத்திருந்தால் பின்னால் அக்ரிடின் ஆரஞ்சு என்ற ஒளிரும் சாயத்துக்கு உதவும்.

கிராம் பாசிட்டிவ் ஊதாவாகவும், கிராம் நெகட்டிவ் சிவப்பாகவும் தெரிய வேண்டும். நிறம் நீக்கும் கட்டத்தில்தான் அதிகம் பிசகுகிறது. ஆல்கஹாலோ அசிட்டோனோ சில நொடி கூடினால் லிஸ்டீரியா, பேசில்லஸ், க்ளாஸ்ட்ரிடியம் எல்லாம் சிவப்பாகிவிடும். பாட்டிலில் நெடுநேரம் கிடந்த கிராம் பாசிட்டிவும் அப்படித்தான். அசினெட்டோபாக்டர் நேர்மாறாக ஊதாவைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றும். தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் அதே ஸ்லைடின் ஓரத்தில் இட்டுச் சாயமேற்றினால் சந்தேகம் அங்கேயே தீரும்.

ஹீமோஃபிலஸ், கேம்பைலோபாக்டர், ஃபியூசோபாக்டீரியம், ஸ்னீத்தியா எல்லாம் மங்கலாகவே சாயமேறும். ரத்த அணுக்களின் சிவப்புப் பின்னணியில் கரைந்து போகும். சாஃப்ரனினுக்குப் பதில் பேசிக் ஃபுக்சின் வைத்தால் தெளிவாகும். அது இல்லாவிட்டால் சாஃப்ரனினைக் கூடுதல் நேரம் விடுங்கள்.

பார்த்ததை 'கிராம் நெகட்டிவ் கோல்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வளைந்ததா, நூல் போல நீண்டதா, முனை கூர்மையா, கோக்கஸும் (உருண்டை) அல்லாத கோலும் அல்லாத குட்டை வடிவமா, ஸ்போர் உண்டா? இறக்கை விரித்த பறவை போன்ற வளைவு தெரிந்தால் கேம்பைலோபாக்டர். நடுவில் புடைத்த நீண்ட இழை என்றால் ஸ்னீத்தியா, ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் போன்றவற்றை நினைக்க வேண்டும். மணல் தூவியது போல மிகச் சிறிய மங்கலான துகள்கள் என்றால் 6-வது படிக்கு நேராகப் போங்கள்.

5. எந்தப் பிளேட், எந்தக் காற்று, எத்தனை நாள்

ஸ்லைடில் கண்டதை வைத்து முடிவெடுங்கள். பொதுவான வகை: பிளட், சாக்லேட் இரண்டும் கார்பன் டை ஆக்சைடில், மெக்கான்கி சாதாரணக் காற்றில், ஒரு பிளட் அகார் காற்றில்லாச் சூழலில்.

பிளட் அகாரில் ஒன்றுமில்லை, சாக்லேட்டில் மட்டும் வளர்ந்தது என்றால் ஹீமோஃபிலஸ் பக்கம் பாருங்கள். மெக்கான்கியில் வளராத, ஆனால் பிளட் அகாரில் தாராளமாக வளரும் கிராம் நெகட்டிவ் கோல் என்றால் எலிசபெத்கிங்கியா நினைவுக்கு வர வேண்டும். காற்றில்லாத பிளேட்டில் மட்டும் வந்தால், அதே காலனியைக் காற்றுள்ள பிளேட்டிலும் ஏற்றி, உண்மையிலேயே காற்றை வெறுக்கிறதா அல்லது கார்பன் டை ஆக்சைடுதான் வேண்டியிருந்ததா என்று சரிபாருங்கள். கேப்னோசைட்டோஃபாகா இந்த இடத்தில் பலரைத் திசைதிருப்பும்: அது கேட்பது கார்பன் டை ஆக்சைடு, ஓரம் விரிந்து ஊர்ந்ததுபோல் காலனி தரும்.

கேம்பைலோபாக்டர் ஃபீட்டஸுக்கு வயிற்றுப்போக்கு மாதிரிக்கான வழக்கத்தைப் பின்பற்றக் கூடாது. அந்தப் பிளேட்டில் உள்ள செஃபலோஸ்போரின் மருந்தே இதைத் தடுத்துவிடலாம், 42 டிகிரியும் இதற்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. மருந்தில்லாத பிளட் அகார், குறைந்த ஆக்சிஜன், 37 டிகிரி. இதுதான் பாதுகாப்பு.

பிளேட்டுகளை இரண்டாம் நாளே குப்பையில் போடும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது. காற்றில்லாதவற்றை 48 மணி நேரம் வரை திறக்காமல் விடுங்கள். மொத்தம் 5 முதல் 7 நாள் வைத்திருங்கள்.

6. நிறுத்தம்: ஆபத்தான கிருமியா?

மால்டி-டாஃபுக்குப் போகும் முன் இந்தக் கேள்வி. கருச்சிதைவு, ஆடு மாடு, காய்ச்சாத பால் கதையோடு, இரண்டு மூன்று நாள் எடுத்து வளர்ந்த பொடிக் காலனி, கேட்டலேஸ், ஆக்சிடேஸ், யூரியேஸ் மூன்றும் பாசிட்டிவ் என்றால் புரூசெல்லாவாக இருக்கலாம். பிளேட்டை மூடி ஒட்டுங்கள், கேபினட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள், மூத்தவருக்குச் சொல்லுங்கள். முகர்ந்து பார்ப்பது எந்தப் பிளேட்டிலும் வேண்டாம். ஆய்வகத் தொழிலாளருக்கு நோய் தொற்றும் கிருமிகளில் புரூசெல்லா முன்வரிசையில் இருப்பது.

காலனியை அப்படியே பூசும் முறையை இங்கே செய்யாதீர்கள். எத்தனால், ஃபார்மிக் அமிலம் கொண்டு குழாயில் பிரித்தெடுக்கும் முறையைக் கேபினட்டுக்குள்ளேயே செய்ய வேண்டும்.

பெயரிலும் ஒரு பொறி உண்டு. 2020-இல் ஆக்ரோபாக்ட்ரம் (Ochrobactrum) இனங்களைப் புரூசெல்லா பேரினத்துக்குள் சேர்த்தார்கள். புதிய பட்டியல் உள்ள கருவி 'புரூசெல்லா ஆந்த்ரோபி' என்று காட்டினால் அது பழைய ஆக்ரோபாக்ட்ரம். பழைய பட்டியல் உள்ள கருவியோ நிஜப் புரூசெல்லாவை ஆக்ரோபாக்ட்ரம் என்று காட்டக்கூடும். இரண்டாவது தவறுதான் ஆளைப் படுக்க வைக்கும். பர்க்கோல்டெரியா சூடோமல்லையும் இப்படித்தான், ஆபத்தில்லாத உறவினரின் பெயரில் வரலாம்.

7. மேஜைச் சோதனைகள்

பெயர் தெரிந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவியின் விடையைச் சரிபார்க்க வேறு சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான். இருப்பதில் குழப்பம் தரும் ஜோடிகளை மட்டும் சொல்கிறேன்.

*லிஸ்டீரியாவும் அதைப் போன்றவையும்.* ஸ்லைடில் குட்டையான கிராம் பாசிட்டிவ் கோல் தெரிந்ததும் 'டிப்தீராய்டு, தோல் மாசு' என்று எழுதிவிடுவது மிகக் கொடிய தவறு. பிளேட்டிலோ சிவப்பணு கரைந்த மெல்லிய பீட்டா வளையத்தோடு பி குழு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போலவே இருக்கும். கேட்டலேஸ் ஒரு சொட்டில் பிரித்துவிடும்: லிஸ்டீரியா நுரைக்கும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்காது. பிளட் அகாரில் எடுக்கும்போது அகாரைக் கீறாதீர்கள். சிவப்பணுவே நுரைத்துப் பொய் சொல்லும்.

அடுத்தது அசைவு. 37 டிகிரியில் வைத்த குழம்பில் (திரவ வளர்ப்பில்) இருந்து சொட்டெடுத்துப் பார்த்து 'அசையவில்லை' என்று எழுதுபவர்கள் ஏராளம். லிஸ்டீரியா அந்த வெப்பத்தில் சரியாக அசையாது. 20 முதல் 25 டிகிரியில் வளர்த்த குழம்பை ஈர ஸ்லைடில் பார்த்தால் தலைகீழாகப் புரண்டு புரண்டு போகும். அரைத்திடக் குழாயில் நேர்க்கம்பியால் குத்தி அறை வெப்பத்தில் வையுங்கள். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே குடை விரித்தது போல் பரவும். மேலே வாயை ஒட்டியே குடை இருக்காது, ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் குறைந்த ஆக்சிஜன்தான் பிடிக்கும். எஸ்குலினைக் கறுப்பாக்குவது கூடுதல் ஆதாரம்.

*ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் பாஸ்டூரியானஸ்.* பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் தருவது. பைல் எஸ்குலின் பாசிட்டிவ் என்பதால் என்டரோகாக்கஸ் என்று போய்விடும். பிஒய்ஆர் நெகட்டிவ், 6.5 சதவீத உப்பில் வளராது என்ற இரண்டும் பிரிக்கும். இந்தத் தவறு சாதாரணமல்ல, மருந்துத் தேர்வே மாறிவிடும்.

*ஹீமோஃபிலஸ்.* வளர எக்ஸ் (ஹீமின்), வி (என்ஏடி) என்ற காரணிகள் இரண்டும் வேண்டுமென்றால் இன்ஃப்ளூயன்சே பக்கம். எக்ஸ் தட்டுச் சோதனை, அகாரில் கசியும் ஹீமினால் கெடும். போர்ஃபிரின் சோதனை நம்பகமானது. பிறகு இண்டோல், யூரியேஸ், ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ். இண்டோல் நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ் என்றால் நான்காம் உயிர்வகை (பயோடைப்). தாய்-சேய் தொற்றில் இந்த வகை வந்தால் குவென்டினி என்று சந்தேகப்பட்டு மரபணு வரிசையறிதலுக்கு அனுப்புங்கள். கருவி இன்ஃப்ளூயன்சே, ஹீமோலிட்டிகஸ் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடலாம்.

*எலிசபெத்கிங்கியா.* ஆக்சிடேஸ் பாசிட்டிவ், இண்டோல் பாசிட்டிவ். மருந்துத் தட்டில் கார்பபெனெமுக்கும் கோலிஸ்டினுக்கும் எதிர்ப்பு, ஆனால் வான்கோமைசினுக்கு வளையம் என்ற விநோதக் கலவை தெரிந்தால் மணி அடிக்க வேண்டும். கிராம் நெகட்டிவில் அது இயல்பல்ல.

*க்ரோனோபாக்டர்.* 25 டிகிரியில் மஞ்சள் நிறம், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் பாசிட்டிவ். *க்ளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி:* யூரியேஸ் பாசிட்டிவ், நெருங்கிய உறவான பைஃபெர்மென்டன்ஸ் நெகட்டிவ்.

8. மால்டி-டாஃப்

புதிய, ஒற்றைக் காலனியில் இருந்து, இரண்டு புள்ளிகள். கோல் வடிவ கிராம் பாசிட்டிவுக்கு 1 மைக்ரோலிட்டர் 70 சதவீத ஃபார்மிக் அமிலத்தை மேலே விட்டு உலர்த்துங்கள். அதன் தடித்த சுவர் உடைந்தால்தான் புரதம் வெளிவரும்.

2.0 மற்றும் அதற்கு மேல் என்றால் இனம், 1.7 முதல் 1.99 வரை பேரினம் மட்டும், அதற்குக் கீழே நம்ப வேண்டாம் என்பது ஒரு பரவலான கருவியின் அளவுகோல். வேறு கருவிகள் சதவீதமாகத் தரும். புதியவர்கள் முதல் வரியை மட்டும் படிப்பார்கள். கீழே உள்ள வரிகளையும் படியுங்கள்: இரண்டாவது இடத்தில் வேறு இனம் மிக நெருக்கமான மதிப்பெண்ணோடு இருந்தால் இனம் உறுதி இல்லை.

பட்டியலில் இல்லாத கிருமிக்கு அதன் உறவினர் பெயர் வரும். எலிசபெத்கிங்கியா அனோஃபெலிஸ் பழைய பட்டியல்களில் மெனிங்கோசெப்டிகா என்று வந்ததற்கு இதுதான் காரணம். விடையைக் கையில் வைத்துக்கொண்டு 4, 5, 7-ஆம் படிகளில் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட முரண்பட்டால் பெயரை விட்டுவிட்டுத் தூய்மையைச் சரிபார்க்க மறுபடி ஏற்றுங்கள். இரண்டு கிருமி கலந்திருப்பதுதான் முரண்பாட்டுக்கு வழக்கமான காரணம்.

9. ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் வளரவில்லை என்றால்

பாட்டில் ஒலித்தது, ஸ்லைடில் ஒன்றுமில்லை. அல்லது பாட்டில் ஒலிக்கவே இல்லை, நோயாளி மட்டும் மோசமாகிறார். சிசேரியன் புண் சீழ் பிடித்தும் பென்சிலின் போன்ற பீட்டா லேக்டம் மருந்து எதுவும் கேட்கவில்லை என்றால் மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸை நினைத்துப் பாருங்கள். அதற்குச் செல்சுவரே கிடையாது. கிராம் சாயம் பிடிக்காது, பீட்டா லேக்டம் வேலை செய்யாது. எடுத்து வைத்த இரண்டாவது ஸ்லைடை அக்ரிடின் ஆரஞ்சில் பாருங்கள்.

பிளட் அகாரில் 2 முதல் 5 நாளில் ஊசிமுனைப் புள்ளிகளாக வரும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் புள்ளியைச் சாயமேற்றி ஒன்றும் தெரியவில்லை என்றால் 'பிளேட் அழுக்கு' என்று ஒதுக்காதீர்கள். ஒன்றும் தெரியாததே இங்கே தடயம்.

பாட்டில் ஒலிக்காததற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான ரத்தப் பாட்டில்களில் உறைதலைத் தடுக்கச் சோடியம் பாலிஅனெத்தால் சல்ஃபோனேட் சேர்க்கிறார்கள். மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ், கார்ட்னரெல்லா, ஸ்ட்ரெப்டோபேசில்லஸ் போன்றவற்றை அது தடுக்கும். சந்தேகம் இருந்தால் ஒலிக்காத பாட்டிலில் இருந்தும் செறிவூட்டிய பிளேட்டில் ஏற்றுங்கள், அதோடு மூலக்கூறுச் சோதனைக்கு வேறு மாதிரியும் கேளுங்கள்.

10. வரிசையறிதல்

எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். முதல் 500 எழுத்து பேரினத்துக்குப் போதும், நெருங்கிய இனங்களைப் பிரிக்க முழு நீளம் வேண்டும். 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை என்றால் வேறு இனமாக இருக்கலாம் என்று கொள்வார்கள். ஆனால் அதற்கு மேலே இருப்பதாலேயே அதே இனம் என்று ஆகிவிடாது. அப்போது முழு மரபணுத் தொகுதியில் சராசரி ஒற்றுமை 95 முதல் 96 சதவீதம் என்ற கோட்டைப் பாருங்கள்.

பொதுத் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை எடுத்துவிடாதீர்கள். அங்கே தவறாகப் பெயரிட்ட பதிவுகள் இருக்கின்றன. வகைமாதிரி விகாரத்தோடு (அந்த இனத்துக்கு அடையாளமாக வைத்துள்ள ஸ்ட்ரெயினோடு) மட்டும் ஒப்பிடுங்கள். நேரடி மாதிரியில் செய்தால் ரீஏஜென்டிலேயே இருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ விடையாக வந்து நிற்கும், ஆகவே வெற்றுக் கட்டுப்பாடு (மாதிரி சேர்க்காமல் ஓட்டும் ஒப்பீடு) இல்லாத முடிவை ஏற்க வேண்டாம்.

11. உண்மையா, மாசா?

எத்தனை பாட்டில், எவ்வளவு நேரத்தில் ஒலித்தது, தாயிடமோ நஞ்சுக்கொடியிலோ அதே கிருமி உண்டா என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் ஒரே பாட்டில் ஒலித்தால் மாசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மெதுவாக வளரும் கிருமிக்கு இந்த நேரக் கணக்கு செல்லாது. பேசில்லஸ் சீரியஸ் பெரும்பாலும் மாசுதான், குறைமாதக் குழந்தையில் மட்டும் அப்படி ஒதுக்கும் முன் மறுமாதிரி கேளுங்கள்.

12. சொல்ல வேண்டியது, வைக்க வேண்டியது

முழுப் பெயர் வரும் வரை வார்டைக் காக்க வைக்க வேண்டாம். கேட்டலேஸ் பாசிட்டிவ், அசையும் கிராம் பாசிட்டிவ் கோல் என்பதே போனில் சொல்ல வேண்டிய செய்தி. செஃபலோஸ்போரின் லிஸ்டீரியாவுக்குப் பயன்படாது, ஆம்பிசிலின் வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுக்க அது போதும். மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் எரித்ரோமைசினுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உள்ளது, க்ளிண்டாமைசின் வேலை செய்யும். அதன் உறவான யூரியாபிளாஸ்மாவில் இது நேர்மாறு. பெயரில் ஒரு தடுமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்று இதில் தெரியும்.

அறிக்கையில் புதிய பெயரை எழுதினால் பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேனிக்ளாஸ்ட்ரிடியம் சோர்டெல்லி என்று மட்டும் போட்டால் இரவுப் பணி மருத்துவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். உறுதியின் அளவையும் எழுதுங்கள்: எந்த முறை, என்ன மதிப்பெண், எது நிலுவையில் உள்ளது.

விகாரத்தை (நோயாளியிடம் கிடைத்த அந்த ஸ்ட்ரெயினை) முதல் தூய வளர்ப்பிலேயே 15 முதல் 20 சதவீத கிளிசராலில், மைனஸ் 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ இரண்டு குழாய்களில் வையுங்கள். தாயின் விகாரம், குழந்தையின் விகாரம் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதே வார்டில் இன்னொரு குழந்தைக்கு வந்தால் மூன்றையும் ஒப்பிட்டுப் பரவலின் வழியைத் தேட அதுதான் ஒரே பொருள். மூன்றாம் நாள் நினைவு வந்து பிளேட்டைத் தேடிப் போனால், அது ஆட்டோகிளேவுக்குள் இருக்கும்.